கண்ணாடியின் கீழ்ப் பாதி

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் ஆய்வு நிலைய இயக்குநர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, ஓர் அறிவிப்பையும் செய்துவிட்டு அமர்ந்திருக்கும் கட்டடப் பாதுகாப்புத் துறை அதிகாரி அவர்களே! முன்வரிசையில் இருக்கும் நம் பேராசிரியரின் கணவர் அவர்களே, மகளே! பேராசிரியரோடு வாதாடியவர்களே, அவரிடம் திட்டு வாங்கியவர்களே, அவரால் திருத்தப்பட்டவர்களே! உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இவனை எதற்காகப் பேச அழைத்தார்கள் என்று சிலர் யோசிப்பீர்கள். நியாயம்தான். நான் அவருடைய மாணவன் அல்லன். அவருடைய குழுவில் ஒரு நாள்கூட வேலை பார்த்தவன் அல்லன். தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் கட்டடத்தில், மற்றவர்கள் செய்த ஆய்வை மறுபடியும் செய்து பார்த்து, "எங்களுக்கு அப்படி வரவில்லையே" என்று சொல்வதையே பிழைப்பாக வைத்திருக்கும் ஒரு சின்னக் குழுவின் தலைவன். இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் பேராசிரியர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. நான் கதவைத் திறந்ததும், "வாங்க எதிர்க்கட்சி! இன்னைக்கு என்ன குத்தம் கண்டுபிடிச்சிட்டு வந்தீங்க?" என்பார். கேட்டுக்கொண்டே நாற்காலியையும் இழுத்துப் போடுவார்.

இறந்தவரைப் புகழும் மேடையில் எதிர்க்கட்சிக்கு என்ன வேலை? இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன் அவரைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் எனக்கும் பேச ஆசையாக இருக்கிறது.

இங்கே வந்திருக்கும் உறவினர்களில் பலருக்கு, அவர் என்ன வேலை பார்த்தார் என்பதே சரியாகத் தெரியாது. "கம்ப்யூட்டர்ல ஏதோ ஆராய்ச்சி" என்று மட்டும் தெரியும். நான் எளிமையாகச் சொல்கிறேன். ஒரு கட்டடத்தில் தீப்பிடிக்கிறது. உள்ளே முந்நூறு பேர். யார் எந்தக் கதவுக்கு ஓடுவார்கள்? எந்தப் படிக்கட்டில் நெரிசல் வரும்? கடைசி ஆள் வெளியே வர எவ்வளவு நேரம் ஆகும்? இதைத் தெரிந்துகொள்ள நிஜமாகத் தீ வைத்துப் பார்க்க முடியுமா? முடியாது. அதனால் அவர் கணினிக்குள் ஒரு கட்டடத்தைக் கட்டுவார். மனிதர்களைப் புள்ளி புள்ளியாக உள்ளே விடுவார். ஒவ்வொரு புள்ளிக்கும், இப்படி நட, இங்கே நில், புகை வந்தால் திரும்பு என்று விதி கொடுப்பார். பிறகு ஓட்டிப் பார்ப்பார். இதற்குக் கணினி மாதிரி என்று பெயர். இதைச் செய்தவர்களில் நம் பேராசிரியர் முதல் வரிசைக்காரர் என்று எதிர்க்கட்சியான நானே சொல்கிறேன்!

அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். "நான் லிஃப்ட்ட ஓட வெச்சு வயித்தக் கழுவுறேன். இவ ஊர்ல இருக்கிற எல்லாரையும் படிக்கட்டுல இறக்கிட்டிருக்கா. ஒரே வீட்டுல ரெண்டு கம்பெனி!" என்று அவர் என்னிடம் பலமுறை அலுத்துக்கொண்டிருக்கிறார். அலுத்துக்கொள்ளும்போது அந்த முகத்தில் இருந்த பெருமையை நான் பார்த்திருக்கிறேன். இதோ, இப்போதுகூட அது இருக்கிறது.

அவருடைய மாணவர்கள் அவருக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கு அது தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 'எழுதிட்டியா மேடம்.' யார் எந்த மாதிரியை ஓட்டப் போகிறேன் என்று போய் நின்றாலும், அவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி அதுதான். "எழுதிட்டியா?" என்ன வரும் என்று நினைக்கிறாயோ அதை முன்னாலேயே எழுதிவிட்டாயா? எப்படி வந்தால் நீ சொன்னது தப்பு என்று ஒத்துக்கொள்வாய் என்பதையும் எழுதிவிட்டாயா? எழுதாவிட்டால் கணினிப் பக்கமே போகாதே!

எங்கள் துறையில் இதை முன்பதிவு என்கிறோம். அவர் முதன்முதலாக வீட்டில் இந்தச் சொல்லைச் சொன்னபோது, கணவர், "ஜன்னல் சீட் கிடைக்குமா?" என்று கேட்டாராம். பேராசிரியர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஏன் இந்த முன்பதிவு? அதை அவர் ஓர் அரங்கில் விளக்கியதை நான் கேட்டிருக்கிறேன். "பரீட்சைய எழுதி முடிச்சதுக்கு அப்புறம் கேள்வித்தாள தயார் பண்ணா, எல்லாரும் நூத்துக்கு நூறுதான். நம்மள்ல முக்காவாசிப் பேர் அப்படித்தான் பாஸ் பண்ணிட்டிருக்கோம்" என்றார். அரங்கில் பலர் நெளிந்தார்கள். உண்மைதானே? கணினி மாதிரி என்பது சொன்னபடி கேட்கும் பிள்ளை. ஒரு எண்ணை இங்கே கொஞ்சம் ஏற்றி, இன்னொன்றை அங்கே கொஞ்சம் இறக்கினால், நாம் ஆசைப்படும் விடையை அது கொடுத்துவிடும். கொடுத்த பிறகு, "நான் முதலிலிருந்தே இதைத்தான் சொன்னேன்" என்று கதை விடலாம். யாருக்குத் தெரியப் போகிறது? முதலில் எழுதி வைத்தால் மட்டும்தான் தெரியும்.

இந்தக் கண்டிப்பு அவருக்குப் பிறவியிலேயே வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். வந்த கதையை அவரே ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். ஆனால் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான். அதனால் என் வாயாலும் ஒருமுறை கேளுங்கள்.

அப்போது அவர் குறுகலான படிக்கட்டுகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார். மேலிருந்து மக்கள் இறங்குகிறார்கள், கீழிருந்து தீயணைப்பு வீரர்கள் ஏறுகிறார்கள். படிக்கட்டு குறுகலாக இருந்தாலும் பெரிய நெரிசல் வராது என்பது அந்தக் கட்டுரையின் முடிவு. எல்லோரும் அதைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். நாங்கள் என்ன செய்தோம்? அவருடைய கணினி நிரலைக் கேட்டு வாங்கவில்லை. கட்டுரையில் இருந்த விவரிப்பை மட்டும் வைத்துக்கொண்டு, அதே மாதிரியை நாங்களாகவே மறுபடி கட்டினோம். குறிப்பைப் படித்துச் சமைத்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே ருசி வர வேண்டும் இல்லையா? வரவில்லையென்றால் குறிப்பில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்றுதானே பொருள்?

எங்களுக்கு வரவில்லை. வரவில்லை என்றால், கொஞ்சநஞ்சம் அல்ல! எங்கள் படிக்கட்டில் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு புள்ளி இறங்குகிறது, ஒரு புள்ளி ஏறுகிறது. இது வலப்பக்கம் ஒதுங்கினால் அதுவும் அதே பக்கம் வருகிறது. இது இடப்பக்கம் வந்தால் அதுவும் கூடவே வருகிறது. நாம் நடைபாதையில் யாரோ ஒருவரோடு மாட்டிக்கொண்டு அசடு வழிவோமே, அதே கூத்து! பின்னால் கட்டடமே நிற்கிறது, அந்த இரண்டு புள்ளிகளும் முடிவில்லாமல் நடனம் ஆடிக்கொண்டிருக்கின்றன.

நான் தொலைபேசியை எடுத்தேன். இப்படிப்பட்ட அழைப்புகளை நான் எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறேன். என்ன பதில் வரும் என்று எனக்கு மனப்பாடம். "நீங்க சரியா கட்டியிருக்க மாட்டீங்க" என்பார்கள். "என் மாணவர்கிட்ட கேளுங்க" என்பார்கள். சிலர் வைத்துவிடுவார்கள். இவர் என்ன சொன்னார் தெரியுமா?

"அப்படியா? எங்க நிக்குறாங்க?"

அவ்வளவுதான்! என் தகுதியைக் கேட்கவில்லை. என் தவறு என்ன என்று கேட்கவில்லை. அந்தப் புள்ளிகள் எந்த இடத்தில் நிற்கின்றன என்று கேட்டார். மறுநாள் காலையில் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்கள் அறைக்கு வந்தார். உட்கார்ந்தார். அந்த நடனத்தைப் பார்த்தார். தன்னுடைய நிரலைத் திறந்து, "வாங்க, என் ஆளுங்க ஏன் நிக்கலன்னு பாப்போம்" என்றார்.

மதியத்துக்கு மேல் கிடைத்தது. ஒரே ஒரு வரி. எதிரெதிரே வரும் இரண்டு பேர் முட்டிக்கொண்டால், இருவருமே அவரவர் இடப்பக்கம் ஒதுங்க வேண்டும் என்று அவருடைய நிரலில் ஒரு வரி இருந்தது. கட்டுரையில் அது இல்லை. கட்டுரையில், 'ஒருவருக்கொருவர் வழி விடுவார்கள்' என்று மட்டும் இருந்தது. அந்த வரியை எழுதியது யார்? அவருடைய குழுவின் நிரலாளர். ஏன் எழுதினார்? அவரை அங்கேயே தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டோம். "அதுங்க அப்படித் தடுமாறிட்டு நிக்கிறதப் பாக்கப் பாவமா இருந்துச்சு மேடம்" என்றார்.

பேராசிரியர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "அப்போ நெரிசல் வராம காப்பாத்தினது என் கோட்பாடு இல்ல. அவரோட நல்ல மனசு."

நண்பர்களே, இதை நாம் யாராக இருந்தாலும் எப்படிச் சமாளித்திருப்போம்? சப்பைக்கட்டு கட்டியிருப்போம். கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழின் ஆசிரியரே அவருக்கு வழி காட்டினார். அடுத்த கட்டுரையில் ஓரமாக ஓர் அடிக்குறிப்பு போட்டுவிடுங்கள், யாரும் கவனிக்க மாட்டார்கள் என்றார். "பூசி மெழுகறதுக்கு நான் என்ன கொத்தனாரா?" என்று கேட்டார் பேராசிரியர். முழுத் திருத்தமாக, தலைப்போடு வெளியிட்டார். பிழையைக் கண்டுபிடித்தது எதிர்ப்பக்கக் கட்டடத்துக்காரர்கள் என்று எங்கள் பெயர்களை முதலில் போட்டார். அந்தத் திருத்தத்தின்படி, எல்லோரும் ஒரே பக்கம் ஒதுங்கிப் பழகிய இடத்தில் மட்டும்தான் அவருடைய முடிவு நிற்கும், மற்ற இடங்களில் நிற்காது. முடிவு சின்னதாகிவிட்டது. ஆனால் அதன் பிறகுதான் அதை நம்பி ஒரு படிக்கட்டைக் கட்ட முடிந்தது.

அந்தத் திருத்தத்துக்குப் பிறகு பிறந்ததுதான் நீங்கள் எல்லோரும் அறிந்த அந்தக் கண்ணாடி.

தேநீர் அறைக்கும் கணினி அறைக்கும் நடுவில் இருக்கும் கண்ணாடிச் சுவரைச் சொல்கிறேன். ஒரு மாதிரியை ஓட்டுவதற்கு முன், அதன் மேல் பாதியில், என்ன வரும் என்று எழுத வேண்டும். எப்படி வந்தால் தப்பு என்று எழுத வேண்டும். தப்பானால் என்ன செய்வேன் என்றும் எழுத வேண்டும். எழுதியதை, அந்த நேரத்தில் யார் டீ குடித்துக்கொண்டிருந்தாலும் அவர்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். பிறகுதான் ஓட்டலாம். வந்ததைக் கீழ்ப் பாதியில் எழுத வேண்டும். எழுதி, படம் பிடித்து, பதிவேற்றிய பிறகு துடைத்துவிட வேண்டும். அடுத்தவருக்கு இடம் வேண்டுமே!

"இதெல்லாம் இணையத்தில் பொதுப் பதிவேட்டில் தேதியோடு இருக்கிறதே, கண்ணாடி எதற்கு?" என்று நான் ஒருமுறை வம்புக்கு இழுத்தேன். அவர் டீயைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்: "பதிவேடு ஞாபகத்துக்கு. கண்ணாடி வெக்கத்துக்கு." எவ்வளவு சரி! பதிவேட்டை யார் போய்ப் படிக்கிறார்கள்? கண்ணாடியைத் தினமும் டீ குடிக்கிறவர்கள் எல்லோரும் படிக்கிறார்கள். பத்து பேர் முன்னால் சத்தமாகச் சொன்னதை மறுவாரம் மாற்றிப் பேச எவருக்குத்தான் வாய் வரும்?

அந்த வெட்கத்தை அவர் முதலில் தானே சுமந்தார். ஓர் அரங்கத்துக்கு இன்னொரு கதவு வைத்தால் கூட்டம் சீக்கிரம் வெளியேறும் என்று ஒருமுறை மேல் பாதியில் எழுதினார். யார்தான் அப்படி நினைக்க மாட்டார்கள்? ஓட்டிப் பார்த்தால், இந்தக் கதவா அந்தக் கதவா என்று புள்ளிகள் நடுவில் நின்று தடுமாறுகின்றன. நேரம் கூடிவிட்டது. கீழ்ப் பாதியில், இந்தக் கோடியிலிருந்து பார்த்தாலும் தெரிகிற அளவுக்குப் பெரிய எழுத்தில், 'நான் சொன்னது தப்பு' என்று எழுதி வைத்தார். அன்றைக்குப் பார்த்து, நிதி கொடுப்பவர்கள் நிலையத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறார்கள்! ஒரு பெரியவர் பதறிப்போய், அதன் மேல் ஒரு சுவரொட்டியை ஒட்டச் சொன்னார். பேராசிரியர் அந்தச் சுவரொட்டியை எடுத்து, சுவரொட்டிக்கு உரிய சுவரில் ஒட்டினார். வந்தவர்களை அந்தக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, டீயும் கொடுத்து, தான் சொன்னது எப்படித் தப்பானது என்று முழுக் கதையையும் சொன்னார். நிதி வந்தது. அந்தப் பெரியவர் யார் என்று கேட்கிறீர்களா? வேண்டாம். நம் இயக்குநர் சிரித்துக்கொண்டிருக்கிறார், அதுவே போதும்.

இப்போது அவருடைய கடைசி வேலைக்கு வருகிறேன்.

பள்ளிக்கூடங்கள். பள்ளிக்கூடத்தில் தீப்பிடித்தால், சின்னக் குழந்தைகள் எப்படி இறங்குவார்கள்? அவர்கள் பெரியவர்களின் சிறிய பதிப்பு அல்லர். கைப்பிடிக் கம்பி எட்டாது. தோழியின் கையை விட மாட்டார்கள். விழுந்த பென்சில் பெட்டியை எடுக்கக் குனிவார்கள். இதையெல்லாம் விதிகளாக்கி ஒரு மாதிரியைக் கட்டினார் பேராசிரியர். இனி கட்டப்போகும் பள்ளிகளில் படிக்கட்டு எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பதைக் கட்டடப் பாதுகாப்புத் துறை இதை வைத்து முடிவு செய்யப்போகிறது. அதற்கு முன் இரண்டு சோதனைகள் நடக்க வேண்டும் என்று அவரே நிபந்தனை போட்டார். ஒன்று, எதிர்க்கட்சி இதை எழுத்தை மட்டும் பார்த்து மறுபடி கட்ட வேண்டும். இரண்டு, ஒரு நிஜப் பள்ளியில், நிஜக் குழந்தைகளோடு ஓர் ஒத்திகை நடக்க வேண்டும்.

கண்ணாடியின் மேல் பாதியில் அவர் எழுதியது இன்றும் அப்படியே இருக்கிறது. நான் காலையில்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். 'கடைசிக் குழந்தை வெளியே வரும் நேரம் நாங்கள் சொன்னதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடினால், இந்த மாதிரியைக் கொண்டு எந்தப் படிக்கட்டையும் அளக்கக் கூடாது. நாங்களே இதைத் திரும்பப் பெறுவோம்.' எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. அப்போதே அவரால் அதிக நேரம் நிற்க முடியவில்லை.

முதல் சோதனையை நாங்கள் செய்து முடித்தோம். ஒத்துப்போனது! இதைச் சொல்ல நான் மருத்துவமனைக்கு ஓடினேன். மகள் அந்த மருத்துவமனையிலேயே செவிலியர். வேலை முடிந்த சீருடையோடு அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். பேராசிரியர் கண்ணைத் திறந்து, "எங்களுக்கு ஒரு போன்கூட பண்ணாமலா?" என்று கேட்டார்.

"ஒண்ணுகூட இல்ல. எழுதியிருந்தத மட்டும்தான் பாத்தோம்" என்றேன்.

அந்த முகம் மலர்ந்ததை நான் மறக்க மாட்டேன். வாழ்நாள் முழுக்க அவருக்குக் குற்றப்பட்டியல் மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தவன், ஒரே ஒருமுறை நல்ல செய்தி கொண்டுபோனேன். ஆனால் பேராசிரியர் பேராசிரியர்தானே! மலர்ந்த முகத்தோடு அடுத்த வார்த்தை சொன்னார்: "ரெண்டு கம்ப்யூட்டரும் சேர்ந்தே தப்பா இருக்கலாம். குழந்தைங்க இன்னும் இறங்கிப் பாக்கலியே."

"நீ முதல்ல தூங்கும்மா" என்றார் மகள்.

அந்த ஒத்திகை அடுத்த மாதம். அதைப் பார்க்க அவர் இல்லை. எனக்கு இது துக்கமாக மட்டும் இல்லை, கோபமாகவும் இருக்கிறது. வாழ்நாளெல்லாம் விடைக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொடுத்தவருக்கு, இந்த ஒரு விடைக்காகக் காத்திருக்க நேரம் கொடுக்கப்படவில்லை!

இப்போது, எதிர்க்கட்சி எதற்காக மேடை ஏறியது என்பதைச் சொல்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அதிகாரி அவர்கள், பேராசிரியருக்கு அஞ்சலியாக, ஒத்திகைக்குக் காத்திராமல், அவருடைய பள்ளி மாதிரியை இன்றே தமது துறை ஏற்றுக்கொள்ளும் என்று அறிவித்தார்கள். மாதிரிக்கு அவர் பெயரையே வைப்போம் என்றார்கள். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். நானும் கையைத் தூக்கினேன். தட்ட வரவில்லை.

ஐயா, உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. கட்டி முடிக்காமல் காத்திருக்கும் பள்ளிகள் உண்டு என்பதும், உங்கள் மேசையில் கோப்புகள் குவிகின்றன என்பதும் எனக்குத் தெரியும். நீங்கள் நல்ல மனதோடுதான் இதைச் செய்தீர்கள். அதனால்தான் பயப்படுகிறேன்! அன்றைக்கு அந்த நிரலாளரும் நல்ல மனதோடுதான் அந்த ஒரு வரியைச் சேர்த்தார். அந்த நல்ல மனதை வெளியே எடுத்துப் போட்டுவிட்டுத்தான் பேராசிரியர் ஒரு படிக்கட்டை நம்பினார். இன்று நம் துக்கம் இன்னொரு வரியாக அவருடைய மாதிரிக்குள் நுழையப் பார்க்கிறது. 'இதைச் செய்தவர் இறந்துவிட்டால், சோதனை தேவையில்லை' என்ற வரி. அவர் எழுதிய விதிகளில் அப்படி ஒன்று இருக்கிறதா? இல்லையே!

மாதிரி தேறாது என்று நினைத்து நான் பேசுவதாக எண்ண வேண்டாம். தேறும்! என் குழுவின் கைகளாலேயே ஒரு முறை கட்டிப் பார்த்தவன் சொல்கிறேன், நன்றாகவே தேறும். என் கணிப்பைப் பதிவேட்டிலும் ஏற்றிவிட்டேன், யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். தேறும் என்று இவ்வளவு உறுதியாக நம்புகிறவர்களுக்கு, ஒரு மாதம் பொறுக்க என்ன கஷ்டம்? ஒருவேளை தேறவில்லை என்றால்? அப்போது அந்தக் குறுகலான படிக்கட்டின் சுவரில் அவர் பெயர் இருக்கும். அதில் இறங்கப்போவது யாருடைய குழந்தைகள்? அந்தப் பெயரை அங்கே எழுத நான் விட மாட்டேன்.

ஆகவே அதிகாரி அவர்களை இந்தச் சபையின் முன்னால் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். ஒத்திகை நடக்கட்டும். கண்ணாடியில் அவர் எழுதியபடியே தேறினால் எடுத்துக்கொள்ளுங்கள், தேறாவிட்டால் எங்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவருக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்னால் யோசிக்க முடியவில்லை.

அதிகாரி கையை உயர்த்துகிறார். ஒலிவாங்கி வேண்டுமா ஐயா? வேண்டாமா? சொல்லுங்கள், நான் திருப்பிச் சொல்கிறேன். "ஒத்திகை முடியட்டும், அதுவரைக்கும் கையெழுத்து போட மாட்டேன்" என்கிறார். நன்றி ஐயா! இப்போது தட்டுங்கள். இப்போது நானும் தட்டுகிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. நம் நிலையத்து நண்பர்கள் சிலருக்கு ஓர் எண்ணம். அந்தக் கண்ணாடியை அப்படியே பெயர்த்து எடுத்து, சட்டம் போட்டு, நுழைவாயிலில் வைக்க வேண்டும், அவருடைய கடைசிக் கையெழுத்து அழியக் கூடாது என்று. எனக்கும் அந்த ஆசை இருந்தது, மறைக்கவில்லை. குடும்பத்தின் சம்மதம் வாங்கி வா என்று என்னைத்தான் அனுப்பினார்கள்.

போனேன். நான் சொல்லி முடிப்பதற்குள் மகள் தலையை ஆட்டினார். "அம்மா கையெழுத்து வேணும்னா வீட்டுல எவ்வளவோ இருக்கு அங்கிள். ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டி வெச்சதையெல்லாம் நாங்க இன்னும் எடுக்கல. ஆனா அந்தக் கண்ணாடி அம்மாவோடது இல்ல. அது அடுத்து எழுதப் போறவங்களோடது" என்றார்.

கணவர் வேலைக்குப் போட்டுப் போகும் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "முடிவ எழுதினதும் தொடச்சிடுவீங்கல்ல?"

"அதுதான் அவங்க வெச்ச விதி" என்றேன்.

"அப்போ நான் வந்து தொடைக்கிறேன். வேற யாரும் கை வைக்க வேணாம்."

நண்பர்களே! பேராசிரியரின் குழுவில் உள்ளவர்களே! நாம் இன்று எடுத்துக்கொள்ளும் உறுதிமொழி இதுதான். ஒத்திகை நடக்கும். கடைசிக் குழந்தை வெளியே வந்த பிறகு, எல்லோரும் அந்தக் கண்ணாடியின் முன்னால் கூடுவோம். கீழ்ப் பாதியில் வந்ததை எழுதுவோம். சரி என்று வந்தால் சரி என்று எழுதுவோம். தப்பு என்று வந்தால், அவர் எழுதிய அதே பெரிய எழுத்தில் தப்பு என்று எழுதுவோம். டீ குடிப்பவர்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவோம். பதிவேற்றுவோம். பிறகு இதோ, முன்வரிசையில் இருக்கும் இவர் ஒரு துணியோடு வருவார். மேல் பாதியையும் துடைப்பார், கீழ்ப் பாதியையும் துடைப்பார். நாம் அவரைத் தடுக்காமல் நிற்போம். நம்மால் முடியும். நம்மைப் பழக்கியவர் அப்படிப்பட்டவர்.

மறுநாள் காலையில் நான் தெருவைத் தாண்டி வருவேன். கண்ணாடியில் யாராவது அடுத்ததை எழுதியிருந்தால், டீயைக் குடித்துவிட்டு, குற்றம் கண்டுபிடிக்கத் தொடங்குவேன். காலியாக இருந்தால் அவருடைய நாற்காலியை நானே இழுத்துப் போட்டு உட்காருவேன். கதவைத் திறந்துகொண்டு முதலில் யார் வருகிறீர்களோ அவரிடம் கேட்பேன்:

"எழுதிட்டியா?"